வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு

பலூன் வேண்டாம். எடுத்த வேகத்திலேயே பொற்கொடி அந்த அச்சை டப்பாவில் திரும்பப் போட்டாள். கேக் வேண்டாம், மெழுகுவர்த்தி கூடவே கூடாது, ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டி, தும்பிக்கையில் பூ வைத்திருக்கும் யானைக்குட்டி, எதுவும் வேண்டாம். ஆறு வருஷமாகச் சேர்த்த ரப்பர் அச்சுகள் நூற்று நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் பாதியை அவைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உறையூரில் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாண நாளுக்கும் கையாலேயே வாழ்த்து அட்டை செய்துகொடுக்க அவை தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் பிள்ளை போய் இன்றோடு ஒரு வருஷம், அவனுடைய ஈரல் என் வீட்டுக்காரர் வயிற்றில் இருக்கிறது, அவர் பிழைத்துக்கொண்டார் என்று சொல்வதற்கு ஒரு அச்சு கிடையாது. எந்தக் கம்பெனிக்காரன் செய்வான். செய்தால்தான் எவள் வாங்குவாள். "நன்றி" என்று ஒன்று இருக்கிறது, சுழித்துச் சுழித்து எழுதி, கடைசி எழுத்தின் மேல் ஒரு பட்டாம்பூச்சியை உட்கார வைத்திருக்கிறான். பட்டாம்பூச்சியைப் பிளேடால் செதுக்கி எடுத்துவிடலாமா என்று யோசித்தாள். எடுத்தாலும் அது அதே நன்றிதானே. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பினாலும் அந்தச் சொல், இதற்கும் அந்தச் சொல்லா. சாவு வீட்டுக்கு யாரும் கார்டு அனுப்புவதில்லை. நேரில் போய்க் கையைப் பிடித்து அழுதுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பி வர வேண்டும். அதுதான் முறை. அந்த வீடு எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் போயிருக்க மாட்டாளா? போயிருப்பாளா? காலையிலேயே அளவெடுத்து வெட்டி, தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் கோடிழுத்து மடித்து, கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேய்த்து, எப்போதும் செய்கிற முதல் வேலைகளையெல்லாம் முடித்து வைத்த அட்டை எதிரில் வெறுமனே படுத்துக் கிடந்தது. மணி பத்தே கால் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு வருஷச் செக்கப். ஜெசிந்தா சிஸ்டர் அங்கே இருப்பார். கொடுத்தவர்கள் வீட்டுக்கும் வாங்கினவர்கள் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற வேலை அவருக்கு. இந்தப் பக்கத்துப் பெயர் அந்தப் பக்கம் தெரியாமலும், அந்தப் பக்கத்து ஊர் இந்தப் பக்கம் தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொல்லாத வேலை. போன வாரம் அவர்தான் போன் செய்தார். "அவங்க வீட்ல வர்ற செவ்வாக்கிழமை படம் வெச்சுக் கும்பிடறாங்கம்மா, நான் சாயங்காலம் போறேன். கார்டு குடுக்கணும் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்கள்ல, குடுக்கறதுன்னா அன்னைக்கே குடுத்துடுங்க. பேரு, ஊரு, போன் நம்பர் ஒன்னும் இருக்கக் கூடாது. கவரை ஒட்டிடாதீங்க, நான் படிச்சுப் பார்த்துட்டுதான் குடுப்பேன்." சரி சிஸ்டர், சரி சிஸ்டர் என்று இவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், போனில் தலை தெரியுமா என்ன. "அந்தம்மா பாவம், எதுவுமே கேக்க மாட்டாங்க. யாரு, எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேக்கல. வாங்கினவங்க நல்லா சாப்பிடறாங்களான்னு மட்டும் ஒருதரம் கேட்டாங்க. இருபத்திரண்டு வயசுப் பையன்மா. மூணு நாள் ஐசியூல போராடினான்." சொன்ன பிறகு சிஸ்டருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும், சட்டென்று மாத்திரைகளைப் பற்றிப் பேசி வைத்துவிட்டார். மற்ற எல்லாம் பொற்கொடியின் காதில் விழுந்து போய்விட்டது, மூணு நாள் என்பது மட்டும் போகவில்லை. ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறது. ஆபரேஷன் நடந்தது திங்கட்கிழமை. திங்கள், ஞாயிறு, சனி, வெள்ளி. விரலை மடக்கி எண்ணினாலும் வெள்ளி, காலண்டரில் பழைய தாளைத் தேடிப் பார்த்தாலும் வெள்ளி. போன வருஷத்து ஆடி வெள்ளி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் வெக்காளியம்மன் கோயிலில் நின்றிருந்தாள். தலைக்கு மேலே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கும் அம்மன். வேண்டுதலைத் தாளில் எழுதிச் சூலத்தில் கட்டிவிட்டால் நடக்கும் என்று ஊரே கட்டுகிறது. மற்றவர்கள் பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்து எழுதுவார்கள், பஸ் டிக்கெட்டின் பின்னால்கூட எழுதுவார்கள். பொற்கொடிக்கு அப்படிச் செய்யக் கை வராது. தந்த நிறத்தில் கையால் செய்த தாளை வெட்டி, நாலு மூலையையும் மூலைவெட்டியால் உருட்டி, துளை போட்டு, சிவப்பு நூல் கோத்து, எழுதினாள். தாயே, என் வீட்டுக்காரருக்குச் சீக்கிரம் ஒரு ஈரல் கிடைக்க வேண்டும். ஒரே வரி. அதைக் கயல்தான் பார்த்துச் சிரித்தாள், காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகள். "என்னம்மா இது, பின்னாடி உன் ஸ்டாம்ப அடிச்சு வெச்சிருக்க! அம்மனுக்கே போன் நம்பரா? கூப்பிட்டு என்ன சொல்லும்?" உண்மைதான். பொற்கொடி கைவேலை, உறையூர், கீழே பத்து இலக்கம். எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் அடித்துவிடுவது அவள் பழக்கம், முன்பக்கம் காகிதத்தின் மேல் காகிதம் ஒட்டி மேடாகிவிட்டால் அப்புறம் பின்னால் அச்சு சமமாக விழாது. அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது. சீக்கிரம் என்று ஏன் எழுதினாள்? நல்லபடியாக என்று எழுதியிருக்கலாம். உன் சித்தம் என்று விட்டிருக்கலாம். ஈரல் என்ன கடையிலா தொங்குகிறது சீக்கிரம் கொடு என்று கேட்க, ஒருவர் செத்தால்தானே இன்னொருவருக்கு, அதை எழுதும்போது அவளுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரியும். மழை வந்தால் ரோடு வழுக்குமே என்று நினைத்தவள்தானே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தவள்தானே. அந்தப் பக்கத்திலும் ஒருத்தி எந்தச் சாமியையோ பிடித்துத் தொங்கியிருப்பாள், என் பிள்ளையை விட்டுவிடு என்று. அவளுக்குத் தாள் வெட்டவும் மூலை உருட்டவும் நேரம் இருந்திருக்காது. இவளுடைய மனுதான் அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு? அது மட்டும் தெரிந்தால் போதும். காலையில் அடிபட்டிருந்தால் அவள் வேண்டிக்கொண்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அம்மனுக்கும் இல்லை. ராத்திரி என்றால். அங்கே வந்ததும் நினைப்பு நின்றுவிடும், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி மறுபடியும் தொடக்கத்துக்குப் போய்விடும். பொற்கொடி டிசைன் பேப்பர் கட்டை இழுத்தாள். வெளியே ஆடிக் காற்று பேயாக அடித்தது, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தாள்களின் மேல் இட்லிக் கொப்பரை மூடியை வைத்திருந்தாள், அப்படியும் ஓரங்கள் படபடத்தன. மாங்காய் போட்ட மஞ்சள், கல்யாணத்துக்கு. தங்கப் புள்ளி வைத்த சிவப்பு, அதுவும் கல்யாணத்துக்கு. கறுப்பு வெள்ளைக் கோடு இருக்கிறது, அது வேண்டாம், துக்கத்தை நாமே நினைவுபடுத்துவதா, அவர்கள் மறந்தா போனார்கள். பச்சையும் நீலமும் கலந்த கட்டம் போட்ட தாள் ஒன்று கையில் வந்தது. நல்ல தாள், கண்ணை உறுத்தாது. மடிப்பில் வைத்து அளவு பார்த்து, கத்தரிக்கோலை எடுத்து ஓர் அங்குலம் வெட்டியும் விட்டாள். வெட்டும்போதுதான் பார்த்தாள், இது சட்டைத் துணி மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன்கள் எல்லாரும் இப்படித்தானே கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்ற மாட்டார்கள், நேரமிருக்காது, கத்தரியால் நெஞ்சிலிருந்து கீழே வரைக்கும் வெட்டித்தான் எடுப்பார்கள். அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் அலைந்த நாட்களில் அவள் பார்த்திருக்கிறாள். கத்தரிக்கோலின் வாய் கட்டத்தின் நடுவில் திறந்தபடி நின்றது. அவனைப் பற்றி அவளுக்கு வண்டி என்றுகூட யாரும் சொல்லவில்லை. மாடியிலிருந்து விழுந்திருக்கலாம், எதுவும் இருக்கலாம். தாளை மெல்ல உருவி எடுத்து, வெட்டிய இடம் தெரியாமல் கட்டின் அடியில் சொருகினாள்.

முன்னறையில் அவர் இருமினார். பொற்கொடியின் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. ஒன்று. இரண்டாவது வரவில்லை. சளி இருமலா, தூசி இருமலா? காய்ச்சல் என்றால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், இந்த மாத்திரைகள் உடம்பின் சண்டைக்குணத்தையே அடக்கி வைத்திருக்கின்றன, வேறொருவன் ஈரலை இந்த உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமல்லவா. சிவஞானத்துக்கு இன்று லீவு. ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுக்கிற மனுஷன் சும்மா உட்கார மாட்டார், மிக்சியைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருப்பார், கார்பன் தூசிதான், தூசி இருமல்தான். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவர். உடம்பே தன் ஈரலைப் பகையாளியாக நினைத்துத் தின்கிற வியாதி என்று டாக்டர் சொன்னதைத் தெருவில் எத்தனை பேர் நம்பினார்கள்? "ஈரலா, சரி சரி" என்று கண்ணடிக்காத குறைதான். ஒன்றரை வருஷம் அவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே ஆகாது. தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டிக்கொண்டு ஓடுவார். அந்த ஒன்றரை வருஷமும் அந்த வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. கொல்லைப்புறம் நின்றுகொண்டு ரசத்தைக் குடித்துவிட்டு வாயைக் கொப்பளித்து உள்ளே வருவாள். கண் மஞ்சள், தோல் மஞ்சள், தலையணை உறைகூட மஞ்சள், பசி என்ற சொல்லையே மறந்த வாய். டப்பாவின் அடியில் கை தடவியபோது கறிவேப்பிலை அகப்பட்டது. அவளே ஒரு பெரிய ரப்பரில் செதுக்கிய அச்சு, ஒரு ஈர்க்கு, பதினோரு இலை. வாங்க வருகிறவர்கள் வேப்பிலை என்று நினைத்து, அம்மன் கார்டா என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். யாருக்கும் ஆகாத அச்சு. எந்தப் பண்டிகைக்கும் அதில் இடமில்லை, எந்தத் துக்கத்துக்கும் இல்லை. கரும்பச்சை மையில் ஒற்றி, அட்டையின் மேல் வைத்து அசைக்காமல் அழுத்தி, நேராகத் தூக்கினாள். திரும்ப மை தொடாமல் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது இலை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு வெளிறி விழுந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

கயல் கூப்பிட்டாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து, பின்னால் ஒரே கூச்சல். "அம்மா, கேக் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்துடுவீங்கள்ல? ஒன்னுன்னு போட்ட கேண்டில் நேத்தே பார்சல்ல அனுப்பிட்டேன். அப்பாட்ட சொல்லிடாத, சர்ப்ரைஸ்." "இன்னைக்கேவா கயல்," என்றாள் பொற்கொடி. "பின்ன நாளைக்கா? இன்னைக்குத்தானம்மா அப்பா மறுபடி பொறந்த நாளு. டாக்டரே ஒரு துண்டு சாப்பிடலாம்னுட்டாரு. ஏன் ஒரு மாதிரி பேசற?" "ஒன்னுமில்லடி. கையில மை." குழந்தை, அவளுக்கு ஆசை இருக்காதா, அப்பா பிழைத்த நாள். பத்தொன்பது வயது. அவனுக்கு இருபத்திரண்டு. அவனும் எங்கேயோ ஒரு ஹாஸ்டலில் கூச்சலுக்கு நடுவில் நின்று அம்மாவோடு பேசியிருப்பான். சாயங்காலம் அங்கே படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும், இங்கே ஒன்று என்ற மெழுகுவர்த்தி எரியும், அதை ஊதி அணைக்கச் சொல்லிக் கைதட்டுவார்கள். இதை எப்படிக் கயலிடம் சொல்வது, சொன்னால் அப்புறம் அவளும் சந்தோஷப்பட மாட்டாள், அவர் இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதி வரும். வரட்டும் தாயே, நிறைய வரட்டும். வேண்டிக்கொண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டுதல் என்றாலே இப்போது பயமாக இருக்கிறது.

உள்பக்கம் எழுத வேண்டும். மணி பன்னிரண்டு. மடித்த அட்டையைத் திறந்து வலது பக்கத்தை நேராக்கிக்கொண்டாள். எப்படிக் கூப்பிடுவது? முறை வைக்காமல் யாரையும் கூப்பிட வராது அவளுக்கு, காய்கறிக்காரியைக்கூட அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பையனின் அம்மா என்றால் தன் வயதுதான் இருக்கும், நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. தங்கச்சியாகவும் இருக்கலாம். எழுதுகிறவள் தன் வயதைச் சொல்லலாமா, அதுவும் விதியில் வருமா? அன்புள்ள அம்மா அவர்களுக்கு என்று எழுதினாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு போடுகிற மாதிரி இருந்தது, இருக்கட்டும். நீங்கள் செய்த பேருதவிக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. தங்கள் அன்பு மகன் எங்கள் உள்ளங்களில் என்றும் வாழ்வார். பேனா அழகாக ஓடியது, மற்றவர்கள் அட்டையில் நூறு தடவை எழுதிக் கொடுத்த கை. எழுத எழுத அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய் ஒன்றும் இல்லை, ஆனால் இதில் அவள் எங்கே இருக்கிறாள். நான்கு வரி எழுதி முடித்து, தேதி போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தவள், எடுக்கவில்லை. சின்ன எழுத்தில், அடுத்த வரியில், மூச்சுவிடாமல் எழுதினாள். தம்பிக்கு அடிபட்டது வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு? சாயங்காலம் ஆறரைக்கு முன்னாலா, அப்புறமா? அன்றைக்கு நான் கோயிலில் எழுதிக் கட்டினேன். எழுதிவிட்டாள். நெஞ்சில் ஒரு வருஷமாக இருந்த முள், ஒரு வாரமாக இன்னும் ஆழமாக இறங்கிய முள், தாளில் கிடந்தது. என்ன நிம்மதி. இதை ஜெசிந்தா சிஸ்டர் விட மாட்டார் என்று தெரியாமல் இல்லை, படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று இருந்தது அந்த நிமிஷத்துக்கு.

மை காய வேண்டும். ஈரத்தோடு மூடினால் எதிர்ப் பக்கத்தில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி தலைகீழாகப் பதிந்துவிடும். அட்டையைக் கூடாரம் போல மேஜையில் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து, சாதம் வடித்து, குழம்புக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு வந்தாள். அவள் வந்த பக்கத்திலிருந்து தெரிந்தது அட்டையின் பின்பக்கம். வயலெட் மையில், சின்னதாக, துளி கோணல் இல்லாமல் நடு மத்தியில் விழுந்திருந்தது. பொற்கொடி கைவேலை, உறையூர். கீழே பத்து இலக்கம். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. காலையில், ஒன்றும் யோசிப்பதற்கு முன்னால், மடித்த கையோடு அடித்திருக்கிறாள். பலூனா பட்டாம்பூச்சியா என்று தவித்தது, கட்டம் போட்ட தாளை வெட்டப் போனது, எல்லாம் இந்த நம்பரின் மறுபக்கத்தில்தான் நடந்திருக்கிறது. மழையில் நனைந்தாலும் அழியக் கூடாது என்று அவளே தேடி வாங்கிய மை, ரப்பர் வைத்துத் தேய்த்தாலும் போகாது. மேலே ஒரு துண்டு டிசைன் பேப்பரை ஒட்டி மறைக்கலாம், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஒட்டாமல் விட்டால்? சிஸ்டர் உள்ளே மட்டும் படிப்பார், பின்னால் திருப்பிப் பார்ப்பார் என்று என்ன நிச்சயம்? உள்ளே ஒரு கேள்வி, பின்னால் ஒரு நம்பர். பதில் எங்கே அனுப்ப வேண்டும் என்றுகூட எழுதியாகிவிட்டது. பழக்கதோஷம் என்று யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், ஆறு வருஷப் பழக்கம். பழக்கம்தானா? அந்த அம்மா கூப்பிட வேண்டும் என்று பொற்கொடி ஆசைப்பட்டாள், இப்போது தெரிந்தது, பசித்தவள் சோற்றுக்கு ஆசைப்படுகிற மாதிரி ஆசைப்பட்டாள். கூப்பிட்டு, அடி பாவி, ராத்திரிதான்டி, நீ கட்டிவிட்டுப் போன பிறகுதான்டி என்று மண்ணை வாரித் தூற்ற வேண்டும். இல்லையென்றால், காலையிலேயே அடிபட்டுட்டான்மா, நீ ஏன் அழற என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், முதல் வருஷப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளிடம், உன் பிள்ளைக்கு எப்போது அடிபட்டது, மணியைப் பார்த்துச் சொல், நான் தூங்க வேண்டும் என்று கேட்கிறாள். போன வருஷம் ஈரலைக் கேட்டாள், இந்த வருஷம் இதைக் கேட்கிறாள். இன்னும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா அந்த வீட்டிலிருந்து? நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொடி, பசிக்குது. ஆச்சா?" என்று சிவஞானம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கட்டை விரல் நகத்தில் கார்பன் கறுப்பு. அட்டைகளுக்கு நடுவே தட்டு வைக்க ஓர் இடம் ஒதுக்கிப் பரிமாறினாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். சோற்றில் குழி செய்து குழம்பை வாங்கிக்கொண்டார். "கார்டு முடிஞ்சுதா?" "இல்லீங்க." "என்ன எழுதியிருக்க?" "தப்பா எழுதிட்டேன்." அவர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். "எனக்கும் ரெண்டு வரி எழுதணும்னுதான் இருக்கு. ஒரு மாசமா பேனாவ எடுக்கறேன், வைக்கறேன். என்னன்னு எழுதறது, சொல்லு," என்றார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கயல் கேக் சொல்லியிருக்கா போல. மெழுகுவர்த்திப் பார்சல் என் கையிலதான் வந்துச்சு. நாளைக்கு வெட்டிக்கலாம்னு சொல்லிடு. இன்னைக்கு வேணாம்." "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அழுவா." "சரி, நான் சொல்றேன். இன்னும் கொஞ்சம் சாதம் போடு." போட்டாள். அந்தக் கையை, விரல்களை, பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவதை, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பில் கிடந்த கறிவேப்பிலை அவர் விரலில் ஒட்டியது. இருபத்து மூன்று வருஷம் அதைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைத்த மனுஷன், ஆபரேஷனுக்குப் பிறகு ஒதுக்குவதில்லை, மென்று தின்றுவிடுகிறார். மாத்திரையில் ருசி மாறும் என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் இருக்கும். "மோர் இருக்கா?" என்று கேட்டார் சிவஞானம். கேட்டது அவர்தான், ஆனால் பொற்கொடிக்குள் வேறொரு குரல் கேட்டது, ஒரு வாரமாக மூணு நாளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்த குரல். நல்லா சாப்பிடறாங்களா. அந்தம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதற்கு இதுவரை இந்த வீட்டிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் கை கழுவப் போனதும் ஸ்கேலை அட்டையின் மடிப்பில் வைத்து, கட்டரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள். அட்டை இரண்டாகப் பிரிந்தது. பின்பக்கப் பாதியில் அவள் பெயரும் நம்பரும், அதன் மறுபுறம் கடமைப்பட்டுள்ளதும், உள்ளங்களில் வாழ்வதும், வெள்ளிக்கிழமையும். அந்தப் பாதியை அச்சு டப்பாவின் அடியில், யாரும் கேட்காத அச்சுகளுக்குக் கீழே வைத்தாள். அது அவளோடு இருக்கும், சாகிற வரைக்கும் அதற்குப் பதில் வராது, வரக் கூடாது. கையில் மிஞ்சியது முன்பக்கம் மட்டும், மூன்று கறிவேப்பிலை ஈர்க்கு. அதைத் திருப்பினாள். பின்னால் வெள்ளை. மணி ஒன்றரை. கொல்லையில் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. பேனாவை எடுத்து, தன் சொந்தக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

அக்கா, அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். இன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், கடைசியில் மோர். முன்னெல்லாம் கறிவேப்பிலையை ஒதுக்கி வைப்பார். இப்போது ஒதுக்குவதில்லை.